அவகாசம் கேட்பது இழிவன்று: வீட்டுக் கடன் திருத்தத்தின் வரலாறு



கடன் என்று சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக் கொள்ளும் சமுதாயம் நம்முடையது. கடனின் சுமையிலிருந்து பாதுகாவல் தேடித் தொழுகையிலேயே துஆச் செய்த அண்ணல் நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அந்த அச்சம் இயல்பானதே. ஆனால் அதே அச்சம் வெட்கமாக மாறி வாயை அடைத்துவிடும்போது பெருந்தீங்கு விளைகிறது. வேலை இழந்தவரோ வியாபாரம் நொடித்தவரோ வீட்டுக் கடனின் மாதத் தவணையைக் கட்ட வழியின்றித் திகைக்கிறார். வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலே அலமாரியில் வைத்துவிடுகிறார். வாசற் சுவரில் அறிவிப்பு ஒட்டப்படும் நாளில்தான் மனைவி மக்களுக்கே செய்தி தெரிகிறது.

வட்டிக் கடன் பற்றிய மார்க்கச் சட்டத்தை ஆலிம்கள் விரிவாக விளக்கி வருகின்றனர். அதை இங்கு மீண்டும் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே கடனில் அகப்பட்டுக்கொண்ட ஒருவர், "என் நிலை இது, தவணையைத் திருத்தித் தாருங்கள்" என்று கேட்பது முறையா? கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையைக் காண்போம்.

மதீனாப் பள்ளிவாசலில் ஒரு வழக்கு

கவிஞரும் நபித்தோழருமான கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு, அப்துல்லாஹ் இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் கொடுக்க வேண்டியிருந்தது. இருவரும் பள்ளிவாசலில் சந்தித்தபோது பேச்சு வளர்ந்தது, குரல்கள் உயர்ந்தன. தம் இல்லத்தில் இருந்த நபி (ஸல்) அவர்களின் செவிக்கு அது எட்டியது. அறையின் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். கஅபை அழைத்தார்கள், கடனில் பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு கையால் சைகை காட்டினார்கள். கஅப் (ரலி) அந்த நொடியிலேயே இசைந்தார். உடனே நபியவர்கள் மற்றவரை நோக்கி, எழுந்து சென்று மீதியைச் செலுத்துமாறு பணித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

இந்தச் சிறு நிகழ்ச்சியில் ஒரு கடன் திருத்தத்திற்கு வேண்டிய யாவும் உள்ளன. கடன் கொடுத்தவருக்கு, விட்டுக்கொடுக்கும் அதிகாரம் தம் கையிலேயே இருந்தது. இடையில் நின்று பேச, இரு தரப்பும் மதிக்கும் ஒருவர் இருந்தார். கடன்பட்டவர் மீதிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படவில்லை. முதலில் இரக்கம் கேட்கப்பட்டது. அதன் பின் கடமை நினைவூட்டப்பட்டது.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்பதும் இல்லை. உஹதுப் போரில் ஷஹீதான தம் தந்தை விட்டுச்சென்ற கடனுக்காக ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் தவித்தபோது, தோட்டத்தின் பேரீச்சை விளைச்சலை ஏற்றுக்கொண்டு மீதியை விட்டுவிடுமாறு நபியவர்களே பரிந்து பேசினார்கள். கடன் கொடுத்தவர்கள் மறுத்துவிட்டார்கள். பின்னர் நபியவர்கள் தோட்டத்திற்கு வந்து துஆச் செய்ய, அல்லாஹ்வின் பரக்கத்தால் கடன் முழுவதும் அடைந்து கனிகளும் எஞ்சின. மறுக்கப்படலாம் என்பதற்காக நபியவர்கள் கேட்காமல் இருந்துவிடவில்லை என்பதையே இங்கு நாம் கவனிக்க வேண்டும்.

அறியாமைக் கால அரபியரிடமும் தவணை நீட்டிப்பு இருந்தது. கெடு வந்ததும் கடன் கொடுத்தவர் வந்து நிற்பார். இப்போது தருகிறாயா, அல்லது தொகையைக் கூட்டிக் கொள்கிறாயா என்று கேட்பார். கொடுக்க இயலாதவன் கூட்டிக்கொள்வான். ஒவ்வொரு கெடுவிலும் காலம் நீண்டது, கடனும் வளர்ந்தது. இந்த வழக்கத்தின் வேரைத்தான் அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் அறுத்தது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் அளிக்க வேண்டும். தர்மமாக விட்டுவிடுவது இன்னும் சிறந்தது என்பது அதன் கருத்து. இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறியாமைக் கால வட்டி அனைத்தும் ஒழிக்கப்பட்டதாக அறிவித்த நபியவர்கள், முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியையே.

ஆக, கடனை வளர்க்கும் அவகாசம் ஒன்று. கடன்பட்டவரை நிமிரச் செய்யும் அவகாசம் மற்றொன்று. பிற்கால வரலாற்றை அளப்பதற்கு இதுவே நமக்கு அளவுகோல்.

மின்னசோட்டாவின் ஒரு வீடு

அடமானக் கடன் திருத்தம் நாடு தழுவிய அரசுச் செயல்பாடாக உருவெடுத்தது 1930களின் அமெரிக்காவில். அங்கு 1920களில் வழங்கப்பட்ட வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கானவை. அதுவரை வட்டியை மட்டும் கட்டிவந்து, இறுதியில் அசலை மொத்தமாகக் கொடுக்க வேண்டும். இயலாவிட்டால் கடனைப் புதுப்பித்துக் கொள்வர். 1929இல் பெருமந்தம் தொடங்கி வங்கிகள் சரிந்தபோது புதுப்பிக்க ஆளில்லை. 1933இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் வீடுகள் கடனுக்காகக் கைப்பற்றப்பட்டன.

அந்நாளில் மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் ஜான் பிளெய்ஸ்டெல் என்பவரும் அவர் மனைவியும் பதினான்கு அறைகள் கொண்ட வீடொன்றில் வாழ்ந்தனர். ஒரு பகுதியில் தாங்கள் குடியிருந்துகொண்டு எஞ்சிய அறைகளை வாடகைக்கு விடுவதே அவர்களின் ஏற்பாடு. தவணை தவறியதால் 1932 மே மாதத்தில் வீடு ஏலத்திற்கு வந்தது. கடன் கொடுத்த சங்கமே அதை 3,700.98 டாலருக்கு எடுத்தது. பணத்தைக் கட்டி வீட்டை மீட்க அவர்களுக்கு ஓராண்டு காலம் இருந்தது. அந்தக் கெடு முடியச் சில நாள்களே இருந்த நிலையில், 1933 ஏப்ரலில், மாநில அரசு ஒரு சட்டம் இயற்றியது. நெருக்கடியில் உள்ள வீட்டுக்காரர் நீதிமன்றத்தை அணுகினால், மீட்புக் காலத்தை அதிகபட்சம் 1935 மே 1 வரை நீட்டிக்கலாம் என்றது அச்சட்டம்.

பிளெய்ஸ்டெல் தம்பதியினர் நீதிமன்றத்தை அணுகினர். அவ்வீட்டின் நியாயமான வாடகை மாதம் 40 டாலர் என்று நீதிமன்றம் கணித்தது. அத்தொகையை மாதந்தோறும் செலுத்தி 1935 மே 1 வரை வீட்டில் இருக்கலாம் என்று ஆணையிட்டது. அவர்கள் செலுத்திய பணம் வரி, காப்பீடு, வட்டி, கடன் ஆகியவற்றுக்கே வரவு வைக்கப்பட்டது.

ஒப்பந்தத்தைச் சட்டம் சிதைக்கலாகாது என்று சங்கம் மேல்முறையீடு செய்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1934 ஜனவரி 8 அன்று ஐந்துக்கு நான்கு என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தலைமை நீதிபதி சார்ல்ஸ் எவன்ஸ் ஹியூஸ் தீர்ப்பளித்தார். கடன் அழிக்கப்படவில்லை, காலம் மட்டுமே நீட்டிக்கப்பட்டுள்ளது, அதுவும் தற்காலிகமாக, நியாயமான ஈட்டுத்தொகையுடன் என்பதால் சட்டம் செல்லும் என்பது தீர்ப்பின் சாரம். மதீனாவில் ஒரு கைச்சைகையால் நிகழ்ந்தது இங்கு நான்கு படிகளைக் கடந்து நிகழ்ந்தது. என்றாலும் நிகழ்ந்தது. அத்தம்பதியினர் மீட்புக் கெடு முடிவதற்கு முன்பே கேட்டார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

அதே 1933 ஜூன் மாதத்தில் அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகத்தை நிறுவியது. இக்கழகம் தத்தளிக்கும் கடன்களை வங்கிகளிடமிருந்து அரசுப் பத்திரங்களைக் கொடுத்து வாங்கியது. அவற்றை 5 சதவீத வட்டியில், பதினைந்து ஆண்டுகளில், மாதத் தவணையில் அசலும் சேர்ந்து அடையும் கடன்களாக மாற்றித் தந்தது. சுமார் 19 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. சுமார் 10 இலட்சம் குடும்பங்களுக்குக் கடன் திருத்தம் கிடைத்தது. அதன் பிறகும் ஏறத்தாழ 2 இலட்சம் வீடுகளைக் கழகமே கைப்பற்ற நேர்ந்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வண்ணத்தால் ஆபத்தானவை எனக் குறித்த வரைபடங்களைத் தயாரித்ததும் இதே கழகம்தான். அதன் நன்மையை எழுதும்போது இந்த அநீதியையும் எழுதுவதே நேர்மை.

கடல் கடந்து நம் மண்ணிலும் அதே பத்தாண்டில் கடன் சுமை மக்களை அழுத்தியது. 1938இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் நின்ற வட்டி நீக்கப்பட்டது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்திவிட்ட விவசாயியின் கடன் முற்றாகத் தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அவகாசத்தோடு நில்லாமல், கடன் வளர்வதற்கே ஓர் எல்லை வகுத்தது இச்சட்டம்.

இசைவு சொல்ல ஆளில்லாத காலம்

எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் அதே துயரம் திரும்பியது. 2008இன் நிதி நெருக்கடிக்குப் பின், 2009 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா ஒரு கடன் திருத்தத் திட்டத்தை அறிவித்தார். மாதத் தவணை குடும்ப வருமானத்தின் 31 சதவீதத்திற்குள் அடங்கும்படி கடனைத் திருத்த வேண்டும் என்பது அதன் விதி. அதற்காக வட்டியை 2 சதவீதம் வரை குறைக்கலாம். காலத்தை 40 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். அப்போதும் போதாவிடில் அசலில் ஒரு பகுதியை வட்டியின்றித் தள்ளிவைக்கலாம். மூன்று மாதங்கள் புதிய தவணையைத் தவறாது கட்டிக் காட்டினால் திருத்தம் நிலைபெறும்.

முப்பது முதல் நாற்பது இலட்சம் குடும்பங்களை எட்டுவதே இலக்கு. 2016 இறுதியில் திட்டம் முடிந்தபோது நிலையான திருத்தம் பெற்றவை 16 இலட்சத்திற்கும் சற்று மேற்பட்ட குடும்பங்களே. ஏன் இந்தக் குறைவு? கடன்கள் கட்டுக்கட்டாக முதலீட்டாளர்களுக்கு விற்கப்பட்டிருந்தன. தவணையை வசூலித்தது ஒரு நிறுவனம். கடனின் உரிமையாளர்கள் எங்கோ இருந்தனர். விண்ணப்பித்தவர்களின் ஆவணங்கள் தொலைந்தன. மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டன. ஒரு பிரிவு விண்ணப்பத்தைப் பரிசீலித்துக் கொண்டிருக்க, அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு வீட்டை ஏலத்திற்குக் கொண்டுசென்றது. கஅப் (ரலி) அவர்களைப் போல் அந்த இடத்திலேயே இசைவு சொல்ல அங்கு எவரும் இருக்கவில்லை.

இம்முறைகேடுகள் வெளிவந்தபின், 2012இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் 49 மாநிலங்களுடனும் கூட்டரசுடனும் சுமார் 2,500 கோடி டாலர் மதிப்பில் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஏலத்திற்கு 37 நாள்களுக்கும் முன்னதாக முழுமையான விண்ணப்பம் வந்து சேர்ந்தால், அதற்கு முடிவு சொல்லாமல் ஏலத்தை நடத்த இயலாது. ஒவ்வொரு தாளையும் பிரதி எடுத்து, கொடுத்த நாளையும் குறித்து வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த விதி கேடயமாயிற்று.

நம் காலத்தில்

2020 மார்ச் 27 அன்று, கொரோனாப் பொதுமுடக்கத்தின்போது, இந்திய ரிசர்வ் வங்கி தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. ஆகஸ்ட் 31 வரை அது நீடித்தது. பலர் அதைத் தள்ளுபடி என்று எண்ணினர். தவணை நின்றது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அக்காலத்தின் வட்டிக்கு வட்டி வசூலிக்கக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வட்டி முழுவதையும் நீக்க மறுத்தது. அறியாமைக் கால அவகாசத்தின் சாயல் இதில் தெரியவில்லையா? எனவே திருத்தம் கேட்பவர், மாதத் தவணை எவ்வளவு குறைகிறது என்பதோடு நின்றுவிடாமல், இறுதிவரை கட்டும் மொத்தத் தொகை எவ்வளவு கூடுகிறது என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். விலை முதலிலேயே நிர்ணயிக்கப்படும் முராபஹா போன்ற முறைகளில், காலம் நீண்டாலும் விலை கூடலாகாது என்ற விதி இருப்பதன் அருமையை இங்கு உணரலாம்.

நம் நாட்டில் தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடன் வகையில் சேர்கிறது. அதன் பின்னர் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்புக்கு ஆட்சேபம் எழுதலாம். வங்கி 15 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். ஆனால் பேசுவதற்கு உகந்த காலம் அதற்கும் முந்தியது. முதல் தவணை தவறும் முன்பே வருமானச் சான்றுடன் சென்று நிலைமையைச் சொல்வது. சொல்லத் தயங்குபவருடன் மஹல்லாவில் விவரமறிந்த ஒருவர் துணைக்குச் செல்லலாம். திரையை விலக்கி வெளியே வந்த அண்ணலாரின் ஸுன்னத் அது. அண்டை வீட்டாரின் குரல் உயர்வதற்கு முன்பே அவர்தம் முகவாட்டத்தைக் கண்டு விசாரிப்பதும் அதில் அடங்கும்.

கடன்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாய் திறந்து கேட்கும் துணிவையும், கேட்கப்படுவோருக்கு விட்டுக்கொடுக்கும் மனத்தையும், பெற்ற அவகாசத்தில் கடனை நாணயமாக அடைத்து முடிக்கும் ஆற்றலையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.