பழைய பாட்டுக்கு வயது என்ன?

பழைய பாட்டு என்று சொல்லும்போது பழைய காலத்தில் வந்த எல்லாப் பாட்டையும் நாம் சொல்வதில்லை. யாரோ பொறுக்கி எடுத்து நம் கையில் கொடுத்த கொஞ்சம் பாட்டைத்தான் சொல்கிறோம். பி. சுசீலா பாடியவை 17,695 பாட்டுகள் என்று 2016ல் கின்னஸ் கணக்குப் போட்டது. ஆறு மொழிகளில். அதில் தமிழுக்கு மட்டும் சில ஆயிரங்களாவது தேறும். ஆனால் புதுச்சேரி நேரு வீதியில் ஒரு மாதம் தினமும் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாலும் டீக்கடையில், ஜவுளிக்கடையில், ஆட்டோவில் விழுவது திரும்பத் திரும்ப அதே சில டஜன் சுசீலா பாட்டுகள்தான். மிச்சமெல்லாம் எங்கே போச்சு? ஒரு பாட்டை இனிமேல் போட வேண்டாம் என்று யார், எங்கே உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் இதை வரிசைப்படுத்தியது யார், எந்த விதிப்படி என்று கேட்கிற பழக்கம் தொழிலோடு வந்துவிட்டது. தமிழ் வானொலியில் பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களின் கதையை அந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்று பேர் தெரிகிறார்கள். ஒரு மந்திரி, ஒரு போஸ்ட் கார்டு, ஒரு கணினி.

*

மந்திரி பி.வி. கேஸ்கர். 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சர். சாஸ்திரிய சங்கீதத்தில் ஊறியவர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று மனதார நம்பியவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுக்கான நேரம் வெட்டப்பட்டது. அதோடு, பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்றும் ஆனது. படத்தின் பெயரைச் சொன்னால் அது இலவச விளம்பரமாகிவிடுமாம். தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பு உரிமையையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது.

இதெல்லாம் தொடங்கியபோது புதுச்சேரி இந்தியாவிலேயே இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சி கைமாறியது 1954 நவம்பர் 1ல். சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16ல். ஆனால் காற்றலைக்குச் சுங்கச்சாவடி கிடையாது. சென்னை நிலையம் எதைப் போட்டதோ அதைத்தான் இங்கேயும் கேட்டார்கள். போடாததைக் கேட்க வேறு வழி தேடினார்கள்.

அந்த வழி கடலுக்கு அப்பால் இருந்தது. இலங்கை வானொலி 1950ல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்தது. இங்கே கதவு சாத்தியதும் அங்கே கூட்டம் சேர்ந்தது. இந்தியில் அமீன் சயானியின் பினாகா கீத்மாலா 1952 டிசம்பரில் ஆரம்பித்தது. தமிழில் எஸ்.பி. மயில்வாகனனின் குரல் தமிழகக் கடற்கரை முழுக்கப் பிரபலமானது. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த காரைக்காலுக்கெல்லாம் சிலோன் கூப்பிடு தூரம். 1957 அக்டோபர் 3ல் விவித் பாரதியைத் தொடங்கி டெல்லி இறங்கி வந்தபோது, ஒரு தலைமுறைக்கு ரேடியோ என்றாலே சிலோன் ரேடியோ என்று ஆகியிருந்தது.

சிலோன் ரேடியோ தமிழர்களுக்குச் செய்த காரியத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் அறிவிப்பாளர்களின் குரலைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அவர்கள் பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ படத்தின் பெயர், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லாவற்றையும் சொன்னார்கள். இந்தப் பக்கம் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது என்று சண்டை நடந்த காலத்தில் அந்தப் பக்கம் இப்படி ஒரு பாடமே நடந்தது. என் அப்பா மில் தொழிலாளி. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். முன்னிசை நாலு விநாடி ஓடியதுமே விஸ்வநாதன்–ராமமூர்த்தியா, கே.வி. மகாதேவனா என்று சொல்லிவிடுவார். மருதகாசி எழுதியதைக் கண்ணதாசன் பெயரில் யாராவது சொன்னால் சாப்பாட்டை நிறுத்திவிட்டுத் திருத்துவார். பள்ளிக்கூடம் கொடுக்காத அந்தப் படிப்பை அவருக்குக் கொடுத்தது ரேடியோ.

இன்னொன்று, பி.எச். அப்துல் ஹமீது நடத்திப் பிரபலமாக்கிய ‘பாட்டுக்குப் பாட்டு’. கொடுக்கிற எழுத்தில் தொடங்கும் பாட்டைப் பாட வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குமேல் ஜெயிக்க வேண்டுமானால் யாருக்கும் ஞாபகமில்லாத பாட்டு தெரிந்திருக்க வேண்டும். விளையாட்டின் விதியே மறந்த பாட்டுக்குப் பரிசு கொடுத்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகும் விதி இதற்கு நேர் எதிரானது.

*

புதுச்சேரிக்கென்று சொந்த வானொலி நிலையம் 1967ல் வந்தது. அதற்குள் கேஸ்கர் காலம் முடிந்துவிட்டது. எல்லா ஊர் வானொலிக்கும் சினிமாப் பாட்டு வேண்டியிருந்தது. எதைப் போடுவது என்ற கேள்விக்குப் பதில் தபாலில் வந்தது. நேயர் விருப்பம்.

போஸ்ட் கார்டில் பாட்டின் பெயர், கீழே வீட்டிலுள்ள எல்லார் பெயரும். அறிவிப்பாளர் ஊர் பெயரோடு வாசிப்பார். பாட்டைக் காட்டிலும் அந்த வாசிப்புக்காகக் காத்திருந்தவர்கள் அதிகம். புள்ளிவிவரம் படித்தவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதுகிறவர்களே திரும்பத் திரும்ப எழுதுவார்கள், எழுதாதவர்கள் ரசனை எங்கேயும் பதிவாகாது. ஜார்க்கண்டில் ஜும்ரி தலையா என்ற சின்ன ஊர், அங்கிருந்து குவிந்த விருப்பக் கடிதங்களாலேயே இந்தியா முழுக்கத் தெரிந்த பெயராகிவிட்டது. ஒரு சின்ன ஊர் ஒரு நாட்டின் ரசனையைக் காட்டுமா? காட்டாது.

ஆனால் போஸ்ட் கார்டிடம் ஒரு குணம் இருந்தது. ஒரே ஒரு கார்டு போதும். நூறு பேருக்குத் தெரியாத பாட்டை ஒருத்தர் கேட்கலாம். நிலையத்து இசைத்தட்டு அலமாரியில் அது இருந்தால், கீறல் விழாமல் இருந்தால், ஒரு சாயங்காலம் அது ஊருக்கே கேட்கும். கேட்டவர்களில் நாலு பேருக்குப் பிடித்தால் அடுத்த வாரம் நாலு கார்டு. செத்துக்கிடந்த பாட்டு எழுந்து உட்கார ஒரு வழி திறந்திருந்தது.

*

மூன்றாவது ஆள் அமெரிக்காவில் பிறந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒமாஹா நகரத்தில் டாட் ஸ்டோர்ஸ் என்பவர் ஒரு வானொலி நிலையம் நடத்தினார். மதுக்கடையில் காசு போட்டால் பாடும் இசைப்பெட்டியில் வாடிக்கையாளர்கள் நாள் முழுக்க ஒரே பாட்டைப் போட்டுக் கேட்பதைப் பார்த்தாராம். கடையைச் சாத்தும் நேரத்தில், அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருக்க வேண்டிய பணிப்பெண்ணும் தன் காசைப் போட்டு அதையேதான் கேட்டாளாம். இந்தக் கதையில் எவ்வளவு உண்மையோ, அதிலிருந்து வந்த சித்தாந்தம் உண்மை. ஜனங்களுக்குப் புதுசு வேண்டாம், தெரிந்ததுதான் வேண்டும். பட்டியலைக் குறை, திரும்பத் திரும்பப் போடு.

அந்தச் சித்தாந்தம் பழைய பாட்டுக்கு வந்தபோது ஒரு பரிசோதனையாக மாறியது. ஒரு கூடத்தில் நூறு பேர் அளவுக்கு உட்கார வைக்கிறார்கள். நிலையத்துக்கு எந்த வயதுக்காரர்கள் வேண்டுமோ அந்த வயதுக்காரர்கள். சில நூறு பாட்டுகளிலிருந்து மனதில் நிற்கிற துண்டை மட்டும் ஏழெட்டு விநாடி போட்டுக் காட்டுகிறார்கள். தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா என்று மார்க் போட வேண்டும். மார்க் வாங்கிய முன்னூறு, நானூறு பாட்டு நிலையத்தின் பட்டியல். மற்றதெல்லாம் வெளியே.

பிறகு வேலை கணினிக்குப் போகிறது. ஆர்.சி.எஸ். என்ற கம்பெனி 1979ல் தொடங்கியது. அவர்களுடைய ‘செலக்டர்’ மென்பொருள் உலகம் முழுக்க வானொலி நிலையங்களுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அட்டை: பாடியவர், வருடம், வேகம், மனநிலை, எந்த வகுப்பு. மணிநேரத்தைக் கடிகாரம் மாதிரி துண்டு போட்டு, இந்த இடத்தில் இந்த வகுப்புப் பாட்டு என்று விதி. ஒருவர் பாடிய பாட்டு வந்தால் இத்தனை நிமிஷத்துக்கு அவர் மறுபடி வரக்கூடாது என்று இன்னொரு விதி. நேற்று இதே நேரத்தில் வந்தது இன்று வரக்கூடாது என்று மற்றொன்று. நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன். சுத்தமான நிரல்.

ஆனால் இந்த நிரல் தமிழுக்குத் தைத்த சட்டை இல்லை. டி.எம். சௌந்தரராஜனும் சுசீலாவும் ஒரு மணிநேரத்தில் ஒருமுறைதான் வரலாம் என்றால் 1960களை எப்படி ஒலிபரப்புவது? இளையராஜா அடுத்தடுத்து வரக்கூடாது என்றால் 1980களில் என்ன மிஞ்சும்? விதியைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். அந்த ஏழு விநாடி இன்னும் மோசம். நம் பழைய பாட்டுகளில் பல தொகையறாவில் தொடங்கும். தாளமில்லாமல், நிதானமாக. ஏழு விநாடியில் பாடகர் மூச்செடுத்து முதல் வார்த்தையை முடிக்கவே சரியாக இருக்கும். பல்லவி பளிச்சென்று இருக்கும் பாட்டு பாஸ். மூன்றாவது சரணத்தில் உயிரை வைத்திருக்கும் பாட்டு ஃபெயில்.

*

இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் பெங்களூரில் தொடங்கியது. 2005க்குப் பிறகான இரண்டாம் கட்ட ஏலத்தில் புதுச்சேரிக்கும் வந்தது. சூரியனும் ஹலோவும் ஊருக்குள் கேட்கத் தொடங்கின. சொந்தமாகச் செய்தி சேகரித்து வாசிக்க அனுமதி இல்லை, வருமானம் விளம்பரம் மட்டும். எனவே பாட்டுதான் சரக்கு. அந்தச் சரக்குக்கும் விலை உண்டு. ஆரம்பத்தில் பாட்டு ஓடிய மணிநேரத்துக்கு இவ்வளவு என்று இசைக் கம்பெனிகளுக்குக் கட்டினார்கள். 2010 ஆகஸ்ட்டில் பதிப்புரிமை வாரியம் அதை மாற்றி, நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்றது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ரசனை, பரிசோதனை எல்லாவற்றுக்கும் முன்னால், இந்தக் கம்பெனியோடு நமக்கு ஒப்பந்தம் இருக்கிறதா என்ற கேள்வி நிற்கிறது. கம்பெனியே மூடிப்போய், யாருக்கு உரிமை என்று தெரியாத படத்தின் பாட்டு அந்தக் கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விதி வயது. விளம்பரம் கொடுப்பவர் தேடுவது செலவு செய்கிற வயதில் உள்ளவரை. கல்யாணம், வீடு, வண்டி, பிள்ளைகள் படிப்பு என்று இருப்பவரை. அவர் பதினைந்து வயதில் கேட்ட பாட்டுதான் நிலையத்துக்குப் பழைய பாட்டு. அவருக்கு வயதாகி அந்த வளையத்தை விட்டு வெளியே போனால் அவருடைய பாட்டும் கூடவே போகும். நியூயார்க்கில் டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். பல வருடம் பழைய பாட்டு நிலையமாக இருந்தது. 2005 ஜூனில் ஒரே நாளில் அதைக் கைவிட்டது. கேட்டவர்கள் கொதித்தார்கள். 2007 ஜூலையில் திரும்பி வந்தது, வேறு பெயர் சூட்டிக்கொண்டு. ‘பழசு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கிளாசிக் ஹிட்ஸ்’. பெயரில் வருடம் இல்லாததால் பட்டியலைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்திக்கொண்டே போகலாம்.

அதே நகர்தல் இங்கேயும் நடந்திருக்கிறது. நான் கல்லூரியில் படித்தபோது இரவு நேரப் பழைய பாட்டு என்றால் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ஜெமினி. இப்போது அதே நேரத்தில் 90களின் ரஹ்மானும் தேவாவும் பழைய பாட்டாக வருகிறார்கள். ‘ரோஜா’ வந்த 1992ல் பிறந்த குழந்தைக்கு முப்பது தாண்டிவிட்டது, வீட்டுக்கடன் கட்டுகிறது. கணக்கு சரிதான். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

ஆனால் அந்தக் கணக்கில் என் அப்பா இல்லை. அவர் ஓய்வு பெற்ற வருடங்களில்தான் ரேடியோ கேட்க நேரம் வந்தது. அதே வருடங்களில்தான் அவருடைய பாட்டு ரேடியோவிலிருந்து போனது. ‘என்னப்பா, சுதர்சனம் பாட்டு ஒண்ணுகூடப் போட மாட்டேங்கிறான்?’ என்று கேட்டார். அதை நான் ஒரு புகாராகக் கேட்கவில்லை. தெரிந்த ஆள் ஒருத்தர் தெருவில் தென்படவில்லையே என்று விசாரிப்பது போல இருந்தது.

2017ல் வந்த கார்வான் பெட்டியை வாங்கிக் கொடுக்கலாம், ஐயாயிரம் பாட்டு. ஆனால் பொறுக்கியவர் அந்த உரிமைகளை வைத்திருக்கும் ஒரே கம்பெனி. போனில் தேடிக்கொள்ளலாம் என்பார்கள். தேடப் பெயர் ஞாபகம் இருக்க வேண்டும். மறந்த பாட்டு வேண்டுமென்றால், மறந்ததன் பெயரை எப்படித் தட்டச்சு செய்வது? தானாக அடுத்த பாட்டைக் கொண்டுவரும் நிரலுக்கோ, நிறைய பேர் கேட்டதுதான் மார்க். யாரும் கேட்காததற்கு மார்க் வராது. மார்க் வராததால் யாருக்கும் போய்ச் சேராது. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த நோயும் தெரியும், மருந்தும் தெரியும். பத்தில் ஒன்றையாவது மார்க் பார்க்காமல் எடுக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும். போஸ்ட் கார்டு அந்த எண்ணாகத்தான் இருந்தது. ‘பாட்டுக்குப் பாட்டு’ம் அதுதான்.

வேறு வழியில் பிழைத்த பாட்டுகள் உண்டு. இந்த ஊர்க்காரர் பாரதிதாசனின் கவிதை 1951ல் ‘ஓர் இரவு’ படத்தில் பாட்டாக வந்தது. ரேடியோ கைவிட்டாலும் கச்சேரி மேடை கைவிடவில்லை. அதற்குக் கவிஞரின் பெயரும் துணை இருந்தது. அதே வருடம் வந்த மற்றப் பாட்டுகளுக்கு மேடையும் கிடையாது, சிலையும் கிடையாது. மணிக்கு ஒரு பாட்டு பட்டியலுக்கு வெளியிலிருந்து போடுவதால் எந்த நிலையமும் மூழ்கிவிடாது. எழுதியவர் பெயரோடு சொல்லிப் போட்டால் அடுத்த தலைமுறைக்கும் ஒரு பாடம் நடக்கும். விளம்பரத்தை மட்டும் நம்பியிராத ஆகாசவாணி அதைச் செய்யலாம். அதன் அலமாரிகளில் தனியாரிடம் இல்லாத தட்டுகள் இருக்கின்றன.

என் வயதுக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். இளையராஜா எப்போதும் இருப்பார்டா என்கிறார்கள். ‘அன்னக்கிளி’ 1976ல் வந்தது. அன்றைக்குப் பதினைந்து வயதாக இருந்தவருக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. விஸ்வநாதனைப் பற்றி அப்பாவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.