தேடல் அன்பான கதை



ஸ்பானிய மொழியில் அன்பைச் சொல்ல இரு வினைச்சொற்கள் முதன்மையானவை. ஒன்று 'அமார்', மற்றொன்று 'கெரேர்'. சிறிய அகராதிகள் இரண்டிற்கும் ஒரே பொருளைத் தந்து முடித்துக்கொள்கின்றன. ஆனால் ஸ்பெயின் நாட்டில் தாய் தன் மகனிடமும், தோழி தன் தோழியிடமும் இயல்பாகச் சொல்வது 'தே கியேரோ' என்பதே. 'தே ஆமோ' பெரும்பாலும் காதலர்க்கும் வாழ்க்கைத் துணைவர்க்கும் உரிய கனத்த சொல்லாகும். இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது?

ஸ்பானியத்தின் தாய்மொழியாகிய இலத்தீனில் 'அமாரே', 'தீலிகெரே' என்னும் இரு வினைகள் அன்பைக் குறித்தன. முன்னது உணர்ச்சி மிகுந்தது; பின்னது மதிப்பின்பாற்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த சிசரோ தம் கடிதங்களில் இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதியுள்ளார். காலப்போக்கில் 'தீலிகெரே' பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. 'விரும்பு' எனப் பொருள்படும் 'வெல்லே' என்னும் வினையும் ஸ்பெயின் நிலப்பகுதியில் வழக்கொழிந்தது.

அவ்விரு வெற்றிடங்களையும் ஒரே சொல் நிரப்பியது. அதுவே 'க்வைரெரே'. அதன் முதற்பொருள் 'தேடுதல், கேட்டல்' என்பதாகும். தேடுதல் விருப்பமாயிற்று, விருப்பம் அன்பாயிற்று. அச்சொல்லே இன்றைய 'கெரேர்'.

இம்மாற்றம் மிகப் பழைமையானது. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் தோன்றிய 'மியோ சித்' காவியத்தில், நாடு கடத்தப்பட்ட வீரன் தன் மனைவி ஹிமேனாவிடம் விடைபெறும்போது, அவளைத் தன் உயிரைப்போல் நேசிப்பதாகக் கூறுகிறான். அங்கே அமைந்துள்ள வினை 'கெரேர்' என்பதேயாகும்.

ஒரே சொல் விருப்பத்தையும் அன்பையும் குறித்தால் குழப்பம் நேராதா? இலக்கணம் இங்கே துணைநிற்கிறது. 'ஒரு மருத்துவர் வேண்டும்' என்பதற்கு 'கியேரோ உன் மேதிகோ' என்பர். இடையில் 'ஆ' என்னும் சிற்றிடைச்சொல் சேர்ந்து 'கியேரோ ஆ உன் மேதிகோ' என்றானால், 'ஒரு மருத்துவரை நேசிக்கிறேன்' என்று பொருள் மாறிவிடும்.

நம் தமிழிலும் இதற்கு இணை உண்டு. 'வேண்டு' என்பது கேட்டலையும் விரும்புதலையும் குறிக்கிறது. 'அவர் எனக்கு வேண்டியவர்' என்னும்போது அதுவே நெருக்கத்தைச் சுட்டுகிறது. தொடர்பில்லாத இரு மொழிகள் ஒரே வழியில் நடந்திருப்பது வியப்பன்றோ!

மெக்சிகோ போன்ற நாடுகளில் பெற்றோர் பிள்ளைகளிடம் 'தே ஆமோ' என்று சொல்வதும் உண்டு. எனவே, சொல்லைத் தேர்வதற்கு அகராதி மட்டும் போதாது. யார், யாரிடம், எந்நாட்டில் சொல்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். 'தே கியேரோ' என்னும் தாயின் சொல்லை ஒரு மாணவர் 'உன்னைக் காதலிக்கிறேன்' என மொழிபெயர்த்தால், அகராதிப்படி அது சரியெனத் தோன்றலாம். ஆனால் அத்தாயின் அன்பு அங்கே தொலைந்துபோகும். சொற்பொருளோடு சொல்லின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.