ஏர்வாடிக்கு முன்னும் பின்னும்

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் மாண்டனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட இயலவில்லை. அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக.

அவர்களை அங்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் கொடியவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. ஏர்வாடியில் அடங்கியிருக்கும் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீத் அவர்களின் தர்காவில் மனநோய் தீரும் என்ற நம்பிக்கை எல்லாச் சமயத்தாரிடமும் வேரூன்றியிருந்தது. தண்ணீரும் விளக்கெண்ணெயும் மருந்தாயின. வீடு திரும்பக் கனவில் உத்தரவு வர வேண்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தர்காவைச் சுற்றிக் கொட்டகைக் காப்பகங்கள் பெருகின; ஓடிவிடாதிருக்கச் சங்கிலி வந்தது. நம் வில்லியனூர், பாகூர் பக்கத்திலும் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் நேர்ந்துகொள்வது பழைய வழக்கந்தான். அன்று அருகில் மனநல மருத்துவர் இல்லை என்பது ஒரு காரணம். ‘ஊரார் அறிந்தால் பிள்ளைக்குச் சம்பந்தம் அமையாது’ என்ற அச்சம் மற்றொரு காரணம். இரண்டாவதே பெரிது என்பது நம் கருத்து.

இந்தச் சங்கிலியை மார்க்கத்தின் கணக்கில் எழுதுவோர் உண்டு. நம் வரலாறோ வேறு கதை சொல்கிறது. கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. செலவை வக்ஃபுச் சொத்துகள் தாங்கின. துருக்கியின் எதிர்னே நகரில் 1488-இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எழுப்பிய மருத்துவமனையில் நீரோசையும் இசையும் சிகிச்சையின் பகுதியாக இருந்தன.

அவற்றுக்கும் முன்பே, 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், உடல்நலத்தையும் மனநலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்று மனத்தின் பிணிகளை அவர் பிரித்துக் காட்டினார். துயரத்திலும் இரு வகை கண்டார்: இழப்பு போன்ற அறிந்த காரணத்தால் வருவது ஒன்று, காரணமே புலப்படாமல் உடலிலிருந்து எழுவது மற்றொன்று. முன்னதற்கு ஆறுதலும் சிந்தனையும் துணை. பின்னதற்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்றார். ‘என்ன குறை உனக்கு? ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய்?’ என்று பிள்ளை பெற்ற மருமகளிடம் கேட்கும் நம் வீடுகளுக்கு இது ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய விடை. அவர் சொன்ன இன்னொன்றும் அன்றாடத்துக்கு உதவும்: அவசரத்துக்கென மருந்தை வீட்டில் வைத்திருப்பதுபோல, மனம் கலங்கும் வேளைக்கு உதவும் எண்ணங்களை நலமாக இருக்கும்போதே சேர்த்துவைக்க வேண்டும்.

துயரப்படுவது ஈமானின் குறை என்று எண்ணுவோர் யஃகூப் (அலை) அவர்களை நினைக்கட்டும். மகனுக்காக அழுது அவர்களின் கண்கள் வெளுத்துப்போயின. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் துயர ஆண்டு என்றே அறியப்படுகிறது. வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஆயிஷா (ரலி) அவர்கள் வாற்கோதுமையில் தல்பீனா என்னும் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது நோயாளியின் உள்ளத்துக்கு இதமளித்துத் துயரைக் குறைக்கும் என்று நபியவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்திருக்கிறார்கள். நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் அவர்களே.

தீ விபத்துக்குப் பின் ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துவிட்டது. ஏர்வாடியிலேயே பிற்பாடு தவாவும் துஆவும், அதாவது மருந்தும் பிரார்த்தனையும், சேர்ந்து நடக்கும் திட்டம் வந்தது. தர்காவுக்கு வருகிறவரை அங்கேயே மருத்துவரும் பார்க்கிறார். தர்கா செல்வது குறித்து நம்முள் கருத்து வேறுபாடு உண்டு. அதை இங்கே எடுக்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்தாமல் துஆச் செய்வதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இராது.

நமக்கு இன்று தொலைவு ஒரு சாக்கு அன்று. கோரிமேட்டு ஜிப்மர், 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. அங்கு மனநலத் துறை இருக்கிறது. வீட்டைவிட்டு வரத் தயங்குவோர் 14416 என்ற இலவச எண்ணில் டெலி மனஸ் ஆலோசகரிடம் எந்நேரமும் தமிழில் பேசலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, தொழுகையில்கூட மனம் நில்லாமை தொடர்ந்தால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அன்றே அழைத்துச் செல்லுங்கள். வில்லியனூர் கொம்யூனிலும் இராமநாதபுரம் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஜிப்மரின் கிராம சுகாதார மையம் இருக்கிறது. அந்த இராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறுமுன் இந்த இராமநாதபுரத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.