ஈபே பின்னூட்ட முறை: முகமறியா வணிகத்தின் நடத்தை விதிகள்

ஈபே பின்னூட்ட முறை என்பது இணையத்தில் பொருள்களை வாங்குவோரும் விற்போரும் ஒருவரைப் பற்றி மற்றவர் எழுதும் கருத்துகளைத் திரட்டி, அவரவர் பெயருக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி காட்டும் ஏற்பாடாகும். ஈபே நிறுவனர் பியர் ஒமிடியார் இதை 1996 பிப்ரவரியில் தொடங்கினார். முன்பின் அறியாதவர்கள் பழைய பொருளைக் கைமாற்றிக்கொள்ளும்போது எது நல்ல நடத்தை என்பதை எழுதிவைத்து, அதை மதிப்பெண்ணாகவும் மாற்றிய முன்னோடி முயற்சி இது. மரியாதைக்கு மதிப்பெண் போடத் தொடங்கிய பிறகு அந்த மரியாதை என்ன ஆனது என்பதே இதன் வரலாற்றில் முக்கியமான பகுதி.

பின்னணி

பழைய பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியவர் பக்கங்களைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. கிழிசல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கவும் முடிந்தது. தொலைவிலிருந்து வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்தச் சிக்கலைப் பொருளியலில் தெளிவாக எடுத்துரைத்தவர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 1970இல் வெளியான அவரது கட்டுரை பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டது. வாங்கிய பின்னரே பழுது தெரியவரும் காரை அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘லெமன்’ என்பர். நல்ல கார் 1,00,000 ரூபாயும் பழுதான கார் 40,000 ரூபாயும் பெறும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பிரித்தறிய முடியாதவர் இடைப்பட்ட ஒரு தொகையையே, 70,000 ரூபாய் போல, கொடுக்க முன்வருவார். அந்த விலைக்கு நல்ல காரை யாரும் விற்கமாட்டார்கள். சந்தையில் மிஞ்சுவது பழுதான கார்களே. உத்தரவாதம், வணிகப்பெயர், உரிமம் ஆகியவை இதற்கு ஈடுகட்டும் வழிகள் என்றும் அக்கர்லாஃப் குறிப்பிட்டார். தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கேமராவை எடுத்து விற்கும் தனியாளிடம் இவை எதுவும் இருப்பதில்லை. அக்கர்லாஃபுக்கு 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

வலைத்தளங்கள் பரவுவதற்கு முன்பே கணினி வலையமைப்புகளில் பழைய பொருள்கள் கைமாறின. ட்யூக் பல்கலைக்கழக மாணவர்களின் முயற்சியில் 1979–80இல் உருவான யூஸ்நெட்டில், பின்னாளில் விற்பனைக்கென்றே தனிக் குழுக்கள் இருந்தன. அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய என்.எஸ்.எஃப்.நெட் முதுகெலும்பு வலையமைப்பில் வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருந்த காலம் அது. என்றாலும் ஒருவர் தன் பழைய மோடத்தையோ நினைவகச் சில்லையோ விற்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பணம் முதலில் போகவேண்டுமா, பொருள் முதலில் போகவேண்டுமா என்பதுதான் அங்கே தீராத கேள்வி. ஏமாந்தவர் குழுவில் எழுதிப் புலம்பலாம். அந்தப் புலம்பல் சில நாள்களில் புதிய செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடும். இணைய நடத்தை பற்றிய வழிகாட்டியான ஆர்.எஃப்.சி. 1855 என்னும் ஆவணம் 1995 அக்டோபரில் வெளிவந்தது. விளம்பரம் சில குழுக்களில் வரவேற்கப்படும், வேறு சிலவற்றில் வெறுக்கப்படும் என்று அது எச்சரித்தது. ஏமாற்றியவரை நினைவில் வைத்திருக்க வழி சொல்லவில்லை.

உடைந்த லேசர் சுட்டி

ஈரானியப் பெற்றோருக்குப் பாரிசில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த நிரலாளர் ஒமிடியார், 1995 செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையின்போது ‘ஆக்ஷன்வெப்’ என்ற ஏலத்தளத்தைத் தொடங்கினார். தளம் சரியாக இயங்குகிறதா என்று பார்க்க அவரே விற்பனைக்கு வைத்த பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி. அது வேலை செய்யாது என்பதை விளம்பரத்திலேயே எழுதியிருந்தார். 14.83 டாலருக்கு ஏலம் முடிந்தது. வியந்துபோன ஒமிடியார், பொருள் உடைந்தது என்பது புரிந்துதான் கேட்டீர்களா என்று வாங்கியவருக்கு எழுதினார். உடைந்த லேசர் சுட்டிகளைத் தாம் சேகரிப்பதாக அவர் பதில் அனுப்பினார்.

வேடிக்கைக் கதையாக இது பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. ஆனால் பழைய பொருள் விற்பவர் கடைப்பிடிக்கவேண்டிய இரண்டு செயல்கள் இதில் உள்ளன: குறையை முன்கூட்டியே சொல்வது, சொன்னது மற்றவருக்குப் புரிந்ததா என்று பணம் வாங்குமுன் கேட்பது. இரண்டாவதைச் செய்பவர்கள் இன்றும் குறைவு.

ஈபேயைப் பற்றி இதைவிடப் பரவலாக அறியப்பட்ட தொடக்கக் கதை இன்னொன்று உண்டு. ஒமிடியார் தம் வருங்கால மனைவி பெஸ் மிட்டாய்க் குப்பிகளை மற்றவர்களுடன் பரிமாறிக்கொள்ள உதவவே தளத்தை உருவாக்கினார் என்பது அது. பத்திரிகையாளர்களைக் கவர்வதற்காக நிறுவனத்தின் மக்கள்தொடர்புப் பிரிவில் புனையப்பட்டது இக்கதை என்பது பின்னர், 2002இல் வெளியான ஆடம் கோஹனின் நூல் வழியாகத் தெரியவந்தது. பொருளின் வரலாற்றை உள்ளபடி எழுதுங்கள் என்று விற்போருக்குச் சொன்ன நிறுவனம், தன் வரலாற்றுக்குக் கொஞ்சம் மெருகு பூசிக்கொண்டது.

1996 பிப்ரவரிக் கடிதம்

தளம் வளர வளர, ஒமிடியாருக்குச் சண்டைகளைத் தீர்த்துவைக்கும்படி மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. பொருள் வந்துசேரவில்லை, பணம் வரவில்லை, சொன்ன நிறம் வேறு வந்த நிறம் வேறு என்பன போன்ற புகார்கள். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் பதிலளித்துப் பார்த்தார். பிறகு 1996 பிப்ரவரி 26 அன்று பயனர்கள் அனைவருக்கும் ஒரு கடிதத்தை வெளியிட்டார். பெரும்பாலான மக்கள் நேர்மையானவர்கள் என்ற நம்பிக்கையைச் சொல்லித் தொடங்கி, ஏமாற்றுபவர்கள் இங்கே ஒளிந்துகொள்ள முடியாது என்று கூறிய கடிதம் அது. பாராட்டவேண்டிய இடத்தில் பாராட்டவும் குறைசொல்லவேண்டிய இடத்தில் வெளிப்படையாகச் சொல்லவும் அது கேட்டுக்கொண்டது. எதிரில் இருப்பவரும் தவறு செய்யக்கூடிய ஒரு தனிமனிதர்தான் என்பதை மறக்கவேண்டாம் என்றும் அதில் இருந்தது. கடிதத்துடன் ‘பின்னூட்ட மன்றம்’ என்ற புதிய வசதி அறிமுகமானது.

அதன் கணக்கு எளிமையானது. நல்ல கருத்துக்கு +1, நடுநிலைக்கு 0, எதிர்மறைக்கு −1. கூட்டுத்தொகை −4 ஆனால் பயனர் வெளியேற்றப்படுவார். 10 புள்ளிகள் சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் நட்சத்திரம். கருத்தை 80 எழுத்துகளுக்குள் எழுதவேண்டும். குறைசொல்லப்பட்டவர் அதன் அடியில் ஒரு விளக்கம் தரலாம். தொடக்கத்தில் யாரும் யாரைப் பற்றியும் எழுத முடிந்தது. நண்பர்கள் புகழ்ந்துகொள்ளவும் பகைவர்கள் தூற்றிக்கொள்ளவும் தொடங்கியதால், நடந்து முடிந்த விற்பனையைப் பற்றி மட்டுமே எழுதலாம் என்று பின்னர் மாற்றப்பட்டது.

எண்களுக்கு வெளியேயும் நடத்தை கற்பிக்கப்பட்டது. தளத்தின் அறிவிப்புப் பலகையில் ‘அங்கிள் கிரிஃப்’ என்ற பெயரில் புதியவர்களின் ஐயங்களுக்கு நகைச்சுவையாகப் பதில் எழுதிவந்த ஜிம் கிரிஃபித் என்ற பயனரை நிறுவனம் 1996இல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. புகார் எழுதுமுன் முதலில் மற்றவரைத் தொடர்புகொண்டு பேசிப்பாருங்கள் என்பது தளத்தின் உதவிப் பக்கங்களில் தொடர்ந்து சொல்லப்பட்ட அறிவுரை. 1997 செப்டம்பரில் தளத்தின் பெயர் ஈபே என்றானது. மறு ஆண்டு நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது.

சொல்லாமல் விட்டது

2000 மே மாதம் ஈபேயில் ஒரு பெரிய அருவ ஓவியம் 25 சென்ட் தொடக்க விலையில் ஏலத்துக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுவாசல் விற்பனையில் வாங்கியது, மனைவிக்குப் பிடிக்காததால் மாட்டவில்லை, குழந்தையின் வண்டி இடித்து ஓட்டை விழுந்துவிட்டது என்று விற்பவர் வெள்ளந்தியாக எழுதியிருந்தார். புகைப்படத்தின் மூலையில் ‘ஆர்.டி. 52’ என்ற கையொப்பம் தெரிந்தது. அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கலிஃபோர்னிய ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்னின் அறியப்படாத படைப்பு இது என்று பார்த்தவர்கள் தாங்களாகவே முடிவுசெய்தனர். ஏலம் 1,35,805 டாலருக்கு உயர்ந்தது.

விற்றவர் ஒரு வழக்கறிஞர். தம் பொருளுக்குத் தாமே வேறு பெயரில் விலை கேட்டிருந்ததைக் கண்டறிந்த ஈபே அந்த விற்பனையை ரத்துசெய்தது. அவரும் கூட்டாளிகளும் பல பெயர்களில் ஒருவர் பொருளுக்கு மற்றவர் விலையேற்றிவிட்டதோடு, ஒருவரையொருவர் புகழ்ந்து பின்னூட்டமும் எழுதிக்கொண்டது விசாரணையில் வெளிவந்தது. 2001இல் மூவர் மீது குற்றம் சாட்டப்பட்டது. விளம்பரத்தில் ‘டீபென்கார்ன்’ என்ற பெயரே இல்லை என்பது இவ்வழக்கின் நுட்பம். பொய்யான உரிமைகோரல் எதுவும் செய்யாமலே, பொய்யான சூழ்நிலை ஒன்றை அவர் எழுதிக்காட்டினார். பின்னூட்டப் புள்ளிகளால் இதைத் தடுக்க முடியவில்லை. மாறாக அவை மோசடிக்குத் துணைநின்றன.

எல்லோரும் நல்லவர்கள்

பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் ஆகிய ஆய்வாளர்கள் 1999ஆம் ஆண்டின் ஈபே விற்பனைகளை ஆராய்ந்தனர். வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் எந்தக் கட்டாயமும் இல்லாமல் பின்னூட்டம் எழுதியிருந்தனர். எழுதியவற்றில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பாராட்டுகள். நற்பெயருக்குச் சந்தை மதிப்பு இருந்ததையும் அவர்கள் பின்னர் காட்டினர்: 2006இல் வெளியான சோதனையில், நெடுநாள் விற்பனையாளர் ஒருவர் ஒரே தரமான பழைய அஞ்சலட்டைகளைத் தம் சொந்தப் பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் சுமார் 8 விழுக்காடு கூடுதலாகக் கொடுக்க முன்வந்தனர்.

ஆனால் 99 விழுக்காடு பாராட்டு என்பது நம்பத்தக்கதா? காரணம் நேர்மை மட்டுமல்ல, அச்சமும்தான். பின்னூட்டம் இருவழிப் பாதையாக இருந்ததால், வாங்கியவர் முதலில் எழுதட்டும் என்று பல விற்பனையாளர்கள் காத்திருந்தனர். அவர் குறை எழுதினால், குறித்த நாளில் பணம் கொடுத்த அவருக்கும் பதிலடியாக −1 விழும். ‘ஏ++++’ என்று எல்லோரும் எல்லோருக்கும் எழுதும் பழக்கம் வந்தது. அதிருப்தி அடைந்தவர் பேசாமல் இருந்துவிட்டார். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் எதிர்மறைக் கருத்தைத் திரும்பப் பெறலாம் என்ற வசதி நிலைமையை மேலும் மோசமாக்கியது. பதிலடி கொடுத்தால் பேரம் பேசலாம் என்பதை அது கற்றுக்கொடுத்தது. கேரி போல்டன், பென் கிரெய்னர், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் ஆகியோரின் ஆய்வும் இந்தப் பரிமாற்றப் போக்கை உறுதிசெய்தது.

2007இல் நான்கு அம்சங்களுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு அறிமுகமானது: பொருள் விவரித்தபடி இருந்ததா, தகவல் தொடர்பு, அனுப்பிய வேகம், அனுப்பும் கட்டணம். யார் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்பது விற்பவருக்குத் தெரியாது. 2008 தொடக்கத்தில் அதைவிடக் கடுமையான அறிவிப்பு வந்தது. மே மாதம் முதல் விற்பவர் வாங்குபவருக்கு நல்ல கருத்து மட்டுமே தர முடியும். கட்டண மாற்றங்களும் சேர்ந்துகொள்ள, கோபமடைந்த விற்பனையாளர்கள் 2008 பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் புறக்கணிப்பு நடத்தினர். ஏலத்தில் வென்றுவிட்டுப் பணம் தராதவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க இனி வழியில்லையே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். பணம் தராதவர் மீது நிறுவனத்திடம் முறையிடவும், வேண்டாதவரைத் தம் பட்டியலில் தடுத்துவைக்கவும் வழி இருந்தது. ஆனால் பலர் அறியச் சொல்லும் உரிமை போய்விட்டது. நிறுவனம் பின்வாங்கவில்லை.

அதே சிக்கலுக்கு ஏர்பிஎன்பி 2014இல் வேறு தீர்வு கண்டது. விருந்தினரும் வீட்டுக்காரரும் எழுதும் மதிப்புரைகள், இருவரும் எழுதி முடித்த பின்போ 14 நாள் கழிந்த பின்போதான் வெளியாகும். மற்றவர் என்ன எழுதினார் என்று பார்த்துப் பதிலடி கொடுக்க இடமில்லை. இருவரின் குரலும் மிஞ்சியது.

இந்தியாவில்

ஈபே 2004இல் பாஸீ டாட் காம் நிறுவனத்தை வாங்கி இந்தியாவுக்குள் வந்தது. இங்கே பின்னூட்டத்தைவிடப் பயனுள்ளதாக இருந்தது ‘பைசாபே’ என்ற ஏற்பாடு: வாங்குபவர் கட்டிய பணம் உடனே விற்பவருக்குப் போகாமல், பொருள் சேரும்வரை இடையில் நிறுத்திவைக்கப்பட்டது. யூஸ்நெட் காலத்தின் ‘யார் முதலில்’ என்ற கேள்விக்கு அது ஒரு விடை. ஈபே இந்தியா 2017இல் ஃபிளிப்கார்ட்டின் கைக்குப் போய், 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது.

பழைய பொருள் விற்பனையில் அதற்குள் ஓ.எல்.எக்ஸ். முன்னணிக்கு வந்திருந்தது. இது ஏலத்தளமல்ல, வரிவிளம்பரத் தளம். இருவரும் நேரில் சந்தித்து, பொருளைப் பார்த்துப் பணம் கொடுப்பதே இதன் இயல்பான முறை. வாங்குபவர் மீண்டும் பொருளைக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் யுபிஐ பரவிய பிறகு ஏமாற்று எதிர்த்திசையிலிருந்து வந்தது. வாங்குபவராக நடிப்பவர், பேரம் பேசாமல் விலைக்கு ஒப்புக்கொண்டு, பணம் அனுப்புவதாகச் சொல்லி விற்பவருக்கு ஒரு க்யூஆர் குறியீட்டை அனுப்புவார். அதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போட்டதும் விற்பவரின் கணக்கிலிருந்தே பணம் போய்விடும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை என்று வங்கிகள் தொடர்ந்து அறிவித்துவருகின்றன.