டிரிவியல் பர்சூட்டும் ஒரு பொய்ப் பெயரும்

1979 டிசம்பர் 15 அன்று கனடாவின் மான்ட்ரியல் நகரில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபாட் என்ற இரு பத்திரிகையாளர்கள் ஸ்கிராபிள் ஆட உட்கார்ந்தார்கள். எழுத்துக் காய்கள் சில காணாமல் போயிருந்தன. நாமே ஒரு விளையாட்டு உருவாக்கினால் என்ன என்ற பேச்சு எழ, ‘டிரிவியல் பர்சூட்’ பிறந்தது.

கேள்விகள் ஆறு துறைகளில் அமைந்தன. ஆரஞ்சு நிறம் விளையாட்டுக்கு, பழுப்பு கலை இலக்கியத்துக்கு. கோப்பையை வென்ற அணியை எல்லோரும் சொல்வார்கள். இறுதிப் போட்டியில் தோற்றது யார் என்று கேட்டால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். நாவலின் தலைப்பிலேயே நிற்கும் நாயகனின் முழுப்பெயரும் அப்படித்தான். 1984இல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் 2 கோடி பெட்டிகள் விற்றன.

அதே ஆண்டு, துணுக்குக் களஞ்சியங்கள் தொகுத்த ஃப்ரெட் வொர்த் 30 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். ‘கொலம்போ’ தொலைக்காட்சித் தொடரின் துப்பறிவாளருக்கு ‘ஃபிலிப்’ என்ற முதற்பெயரைத் தாமே புனைந்து, காப்பியடிப்பவர்களைப் பிடிக்கத் தம் நூலில் பொறியாக வைத்திருந்தார். விளையாட்டின் அட்டையிலும் அதே ‘ஃபிலிப்’! அந்த நூலையும் பயன்படுத்தியதை விளையாட்டை உருவாக்கியவர்கள் மறுக்கவில்லை. ஆனால் தனித்தனித் தகவல்களுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று வழக்கு தள்ளுபடியானது. 1987இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாடுபட்டுத் திரட்டியவருக்கு அது கசந்திருக்கும். ஆனாலும் நியாயமான தீர்ப்புதான்.