ஸ்னீக்கர் ஷூவில் ஓர் அன்னம்: செல்லோ இசைக்கு ஆடிய தெரு நடனக் கலைஞர்... உலகம் பார்த்த வீடியோவின் பின்னணி என்ன?

நாற்காலியில் உட்கார்ந்து செல்லோ வாசிக்கிறார் உலகப் புகழ்பெற்ற இசைக் கலைஞர் ஒருவர். அவர் பக்கத்தில் ஸ்னீக்கர் ஷூ போட்ட ஓர் இளைஞர். இசை தொடங்கியதும் அந்த இளைஞர் தரையில் வழுக்கிக்கொண்டே போகிறார். கைகள் எலும்பே இல்லாத மாதிரி அலையடிக்கின்றன. ஒரு கட்டத்தில் ஷூவின் நுனியில், விரல் முனைகளில் எழும்பி நிற்கிறார்.

2011இல் இணையத்தில் வெளியாகி லட்சக்கணக்கானோர் பார்த்த வீடியோ இது. உங்கள் மொபைலுக்கும் யாராவது ஷேர் பண்ணியிருக்கலாம். வாசிப்பவர் யோ-யோ மா. ஆடுபவர் லில் பக்.

அந்த இளைஞர் ஆடுவது என்ன நடனம்? டிரம்ஸ் சத்தமே இல்லாத இசைக்கு ஒரு தெரு நடனம் எப்படிப் பொருந்தியது? இதில் பெருமை யாருக்குச் சேர வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• நடனத்தின் பெயர் ஜூக்கின். பிறந்த ஊர் அமெரிக்காவின் மெம்பிஸ்.
• இசையின் பெயர் ‘அன்னம்’. 1886இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் கமீல் சான்-சான்ஸ் எழுதியது.
• இசைக்கு ஆசிரியர் பெயர் உண்டு. நடனத்துக்கோ பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். விவாதமே இங்கேதான் தொடங்குகிறது.

2011இல் என்ன நடந்தது?

பள்ளிகளில் கலைக் கல்வி குறைந்துவருகிறது, அதை மீட்க வேண்டும் என்பதற்காக லாஸ் ஏஞ்சலஸில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அங்கேதான் இருவரும் சேர்ந்து நிகழ்த்தினார்கள்.

இருவரையும் சேர்த்துவைத்தவர் டேமியன் வோட்செல். நியூயார்க் சிட்டி பாலே குழுவின் முன்னாள் முதன்மை நடனக் கலைஞர். ‘அன்னம்’ இசைக்கு லில் பக் ஏற்கெனவே ஆடியிருந்த வீடியோ ஒன்று அவர் கண்ணில் பட்டது. இந்தப் பையனுக்குப் பக்கத்தில் யோ-யோ மாவே உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார்.

பார்வையாளர்களில் ஒருவராக இருந்தவர் திரைப்பட இயக்குநர் ஸ்பைக் ஜோன்ஸ். ‘பீயிங் ஜான் மால்கோவிச்’ படத்தை எடுத்தவர். பெரிய கேமரா, லைட்டிங் எதுவும் இல்லாமல் நடந்ததை அப்படியே படம்பிடித்தார். அந்தப் பதிவுதான் வைரலானது.

யார் இந்த லில் பக்?

இயற்பெயர் சார்ல்ஸ் ரைலி. 1988இல் சிகாகோவில் பிறந்து, டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரத்தில் வளர்ந்தவர். ஜூக்கின் ஆட ஆரம்பித்தது சிறுவயதிலேயே. பதின்ம வயதின் இறுதியில் மெம்பிஸில் உள்ள ‘நியூ பாலே என்செம்பிள்’ என்ற பள்ளியில் பாலேவும் கற்றார்.

‘அன்னம்’ இசையோடு அவருக்குத் தொடர்பு ஏற்பட்டதும் அங்கேதான். ஆக, யோ-யோ மாவைச் சந்திப்பதற்கு முன்பே நடனம் தயாராக இருந்தது. வைரல் வீடியோ பார்த்த பலருக்கும் தெரியாத விஷயம் இது.

2011 நவம்பரில் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் இருவரும் மறுபடியும் சேர்ந்து நிகழ்த்தினார்கள். 2012இல் மடோனாவின் உலகச் சுற்றுப்பயணத்தில் லில் பக் ஆடினார். அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் ‘லில் பக்: ரியல் ஸ்வான்’ என்ற ஆவணப்படம் 2019இல் வெளியானது.

ஜூக்கின் என்றால் என்ன?

மெம்பிஸ், மிசிசிப்பி ஆற்றங்கரை நகரம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். 1980களில் அங்குள்ள கிளப்களிலும் ஸ்கேட்டிங் அரங்குகளிலும் ‘கேங்ஸ்டா வாக்’ என்ற ஆட்டம் பரவியது. உள்ளூர் ராப் பாடல்களின் தாளத்துக்கு, கூட்டமாக ஒரே அடியில் துள்ளி நடப்பது. அதிலிருந்து மெல்ல மெல்ல வளர்ந்ததுதான் ஜூக்கின்.

இந்த நடனத்தில் வேலை அதிகம் பாதங்களுக்கும் கணுக்காலுக்கும்தான்.

• வழுக்கல்: ஒரு காலில் எடையை வைத்து இன்னொரு காலைத் தரையோடு இழுப்பது. பார்ப்பவருக்கு ஆள் மிதப்பது போலத் தெரியும்.
• நுனியில் நிற்பது: சாதாரண ஷூவோடு விரல் முனைகளில் எழும்புவது.
• கணுக்கால் மடிப்பு: பாதத்தின் வெளி ஓரத்தில் சாய்ந்து உருண்டு எழுவது.
• கை அலை: தோளில் தொடங்கும் அசைவு முழங்கை, மணிக்கட்டு வழியாக விரல் நுனிவரை போவது.

இதற்கென்று அச்சடித்த பாடப்புத்தகம் இல்லை. வாகன நிறுத்தத்திலும் தெருமுனையிலும் வட்டமாக நின்று, ஒருவர் ஆடுவதை இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான் வழக்கம். அடுத்த ஆள் உள்ளே வந்தால் முந்தையவரைவிட நன்றாக ஆட வேண்டும். பள்ளிக்கூடமும் அதுதான், பரீட்சையும் அதுதான்.

‘அன்னம்’ இசையின் கதை

சான்-சான்ஸ் 1886இல் ‘விலங்குகளின் திருவிழா’ என்ற இசைத் தொகுப்பை எழுதினார். மொத்தம் 14 பகுதிகள். சிங்கம், ஆமை, யானை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. நண்பர்கள் கூடிச் சிரிப்பதற்காக எழுதிய விளையாட்டு அது.

இது வெளியே வந்தால் தீவிரமான இசையமைப்பாளர் என்ற தன் பெயர் கெட்டுவிடுமோ என்று அவருக்கு பயம். எனவே தான் உயிரோடு இருக்கும்வரை தொகுப்பை அச்சிடக் கூடாது என்று தடுத்துவிட்டார். விதிவிலக்கு ஒன்றே ஒன்றுதான். 13வது பகுதியான ‘அன்னம்’. அவர் 1921இல் இறந்த பிறகே மற்ற பகுதிகள் அச்சாயின.

இந்த இசைக்கு நடனமும் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரஷ்ய நடன அமைப்பாளர் மிஹைல் ஃபோகின் இதே இசைக்கு அன்னா பாவ்லோவாவுக்காக ஒரு தனி நடனம் அமைத்தார். ‘சாகும் அன்னம்’ என்று பெயர். பாவ்லோவாவின் அடையாளமாகவே அது மாறிப்போனது. இன்றும் பாலே மேடைகளில் ஆடப்படுகிறது.

ஆக, லில் பக் தொட்டது நூறாண்டு பாரம்பரியம் கொண்ட இசை. பாலே ரசிகர்கள் மனசில் ஏற்கெனவே ஓர் அன்னம் இருந்தது.

டிரம்ஸ் இல்லாத இசைக்கு எப்படி ஆடுகிறார்?

ராப் பாட்டில் டிரம்ஸ் அடி தெளிவாக விழும். எங்கே கால் வைப்பது என்பதை அதுவே சொல்லிவிடும். ‘அன்னம்’ இசையில் அந்த வசதி இல்லை. எழுதப்பட்டபடி பார்த்தால், இரண்டு பியானோக்கள் தண்ணீர்ச் சலனம் போல ஓடிக்கொண்டிருக்க, செல்லோ நீளமான ஒரே இழையாகப் போகிறது.

பியானோ தண்ணீர் என்றால், செல்லோ அதன்மேல் நீந்தும் பறவை. நீரின் மேலே அன்னம் அமைதியாகப் போகும். கீழே கால்கள் ஓயாமல் வேலை செய்யும். ஜூக்கின் வழுக்கலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். மேல் உடம்பு அசையாமல் மிதக்கும். உழைப்பு எல்லாம் கணுக்காலுக்குக் கீழே.

செல்லோக் கலைஞர் வில்லை இழுக்கும்போது ஒரு ஸ்வரம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கை அலையிலும் மணிக்கட்டு முடிந்து விரல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. இரண்டும் ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

இன்னொன்றும் உண்டு. ஜூக்கின் அடிப்படையில் அந்தந்த நேரத்துக்குத் தோன்றுவதை ஆடும் கலை. யோ-யோ மா ஒரு ஸ்வரத்தைக் கொஞ்சம் நீட்டினால், ஆடுபவரும் அந்த நிலையில் கூடுதலாக நிற்க முடியும். அதனால்தான் இது இருவர் நிகழ்ச்சியாகிறது. ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் உரையாடல் இரண்டு பேருக்கும் இடையில் நடக்கிறது.

அப்போ இது பாலேவா, ஹிப்-ஹாப்பா?

நுனியில் நிற்பதைப் பார்த்ததும் ‘ஓ, இது பாலே’ என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. பாலேவில் அதற்கென்றே தனி ஷூ உண்டு. துணியும் பசையும் அடுக்கி இறுக்கிய கெட்டியான முனை அதில் இருக்கும். ஜூக்கின் ஆடுபவர் கடையில் வாங்கிய ஸ்னீக்கரோடு எழும்புகிறார். மெம்பிஸில் இந்த அடி பாலேயைப் பார்த்துக் காப்பி அடித்தது இல்லை, அங்கேயே வளர்ந்தது.

லில் பக் பாலே கற்றதால் அவர் உடம்பின் கோடுகள் நீண்டன, பலம் கூடியது. ஆனால் ஆட்டத்தின் இலக்கணம் மெம்பிஸ் இலக்கணம்தான். தான் ஆடுவது மெம்பிஸ் ஜூக்கின் என்பதை அவர் போகும் இடமெல்லாம் சொல்கிறார்.

பிரச்னை எங்கே இருக்கிறது?

இப்படிப்பட்ட கூட்டணி வரும்போதெல்லாம் ஒரு பேச்சு கிளம்பும். ‘செவ்வியல் இசை சேர்ந்ததும் தெரு நடனம் கலையாக உயர்ந்துவிட்டது’ என்பார்கள். பாராட்டு மாதிரிதான் கேட்கும். ஆனால் அதற்கு முன்பு அது கலையே இல்லை என்ற அர்த்தமும் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

அன்று நடந்ததைக் கவனித்தால் அந்தப் பேச்சு நிற்காது. வாகன நிறுத்தத்தில் இருபது வருஷத்துக்கு மேல் செதுக்கப்பட்ட நுட்பம் இல்லையென்றால், அந்த இளைஞரால் ‘அன்னம்’ இசையைத் தாங்கியிருக்கவே முடியாது. அன்று மாறியது பார்வையாளர்கள் மட்டும்தான். நடனம் அதேதான்.

அடுத்தது பெயர் விஷயம். அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் நடன அமைப்புக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது வீடியோவாகவோ குறிப்பாகவோ பதிவாகியிருக்க வேண்டும். தனித்தனி அடிகளுக்கும், மக்கள் கூடி ஆடும் சமூக நடனங்களுக்கும் உரிமை கோர முடியாது. ஒரு ஊரே சேர்ந்து உருவாக்கிய நடனத்துக்கு இந்தச் சட்டத்தில் இடம் கிடைப்பது கஷ்டம்.

சரி, சட்டம் இருந்தால்தான் பெயர் கிடைக்குமா? அதுவும் இல்லை. சான்-சான்ஸ் இறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. ‘அன்னம்’ இசையை யாரும் அனுமதி கேட்காமல் வாசிக்கலாம். ஆனாலும் எந்த மேடையிலும் அவர் பெயர் விடுபடுவதில்லை. எழுதியவர் பெயரைச் சொல்வது இசை உலகத்தின் பழக்கம். தெரு நடனத்துக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. ‘சூப்பர் ஹிப்-ஹாப் டான்ஸ்’ என்று தலைப்புப் போட்டு ஷேர் செய்தால், மெம்பிஸும் ஜூக்கினும் அதிலேயே காணாமல் போய்விடும்.

பிரான்ஸில் நடந்த இன்னொரு கதை

இதே கேள்வி பாரிஸிலும் எழுந்தது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோ 1735இல் ‘லேசாந்த் கலான்ட்’ என்ற ஆபராவை எழுதினார். அதன் புகழ்பெற்ற ஒரு பகுதிக்குப் பின்னால் ஒரு சம்பவம் இருக்கிறது. 1725இல் வட அமெரிக்கப் பூர்வகுடியினர் பாரிஸ் மேடையில் ஆடியதைப் பார்த்து ராமோ ஒரு கீபோர்டு இசைத் துண்டை எழுதினார். 1736இல் ஆபராவில் புதிதாக ஓர் அங்கம் சேர்த்தபோது அந்த இசையை அதில் பயன்படுத்தினார். ராமோவின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அன்று ஆடியவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

2017இல் இயக்குநர் கிளெமான் கோஜிதோர் அதே இசைக்கு ‘கிரம்ப்’ நடனக் கலைஞர்களை ஆடவைத்து ஒரு குறும்படம் எடுத்தார். கிரம்ப், 2000களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பின மக்கள் பகுதிகளில் பிறந்த ஆவேசமான நடனம். படம் பரவலாகப் பேசப்பட்டது. 2019இல் முழு ஆபராவையே பாரிஸ் ஆபரா அரங்கில் மேடையேற்றும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. நடன அமைப்பு பிந்து டெம்பெலே. 350 ஆண்டுப் பழமையான அந்த நிறுவனத்துக்கு நடனம் அமைத்த முதல் கறுப்பினப் பெண் அவர்தான் என்று ஊடகங்கள் எழுதின.

கதவு திறந்தது நல்ல செய்தி. ஆனால் 350 வருஷம் ஆகியிருக்கிறது.

கதவு திறந்தே இருக்குமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் நடனம் முதல்முறையாகப் போட்டியாக இடம்பெற்றது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் பட்டியலில் அது இல்லை. பெரிய நிறுவனங்கள் அழைப்பதும் உண்டு, அடுத்த முறை விட்டுவிடுவதும் உண்டு.

லில் பக் தானே ஒரு கதவைச் செய்யப் பார்த்தார். ஜான் பூக்ஸ் என்ற நடனக் கலைஞருடன் சேர்ந்து ‘மூவ்மென்ட் ஆர்ட் இஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். இருவரும் ஆடிய ‘கலர் ஆஃப் ரியாலிட்டி’ என்ற குறும்படம் 2016இல் வந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் துப்பாக்கிக்குப் பலியாவதைப் பேசும் படம் அது. பிறகு, சொந்த ஊரின் நடனத்தை மையமாக வைத்து ‘மெம்பிஸ் ஜூக்கின்: தி ஷோ’ என்ற மேடை நிகழ்ச்சியையும் உருவாக்கினார். நடனத்தின் பெயரும் ஊரின் பெயரும் தலைப்பிலேயே இருக்கின்றன.

வீடியோவைப் பார்க்கும்போது எதைக் கவனிக்கலாம்?

• முதல் தடவை பாதங்களை மட்டும் பாருங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முயற்சி செய்யுங்கள்.
• இரண்டாவது தடவை யோ-யோ மாவின் வலது கையைப் பாருங்கள். வில் திசை மாறும் இடங்களில் நடனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.
• மூன்றாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இசை இல்லாமலும் ஆட்டம் தனியாக நிற்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால் ஷேர் பண்ணுங்கள். அப்படிப் பண்ணும்போது யோ-யோ மா, சான்-சான்ஸ் பெயர்களோடு லில் பக், மெம்பிஸ், ஜூக்கின் என்ற மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள்.