வழுவும் வழுவமைதியும்: பட்டாசுத் தொழிலில் மனிதத் தவறு

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் என்னும் ஊர்களுக்குக் கிழக்கே சிவகாசி, சாத்தூர் வட்டாரங்களில் பட்டாசு ஆலை வெடிக்குந்தோறும் நாளிதழ்களில் பெரும்பாலும் ஒரு சொல் இடம்பெறக் காண்கின்றோம். 'உராய்வு' என்பதே அச்சொல். மருந்து கலக்குங்கால் உராய்வு ஏற்பட்டது என்பர். உராய்ந்தது யார் கை என்று வினவின், இறந்துபட்ட தொழிலாளியின் கை என்பதே விடையாகும். அவ்வளவில் ஆராய்ச்சி முடிவதுண்டு. இம்முடிபு பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு உரைகண்டோர் வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றனை வகுத்துரைப்பர். வழுவேயாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. உவப்பினால் பசுவை அம்மை என்று அழைத்தல் அத்தகையது. மொழியில் இதனாற் கேடில்லை, ஆலையிலோ உண்டு. மருந்து செலுத்தும் அறையில் நால்வர்க்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. தீபாவளி நெருங்குகின்றது, கூலியோ செய்த எண்ணிக்கையைப் பொறுத்தது, ஐந்தாமவரும் ஆறாமவரும் வந்தமர்கின்றனர். முதல்நாள் அது வழு. தீங்கொன்றும் நேராமையின் மறுநாள் வழுவமைதி. சின்னாளில் வழாநிலை போலவே தோன்றிவிடும். மரத்தடியில் மருந்துப்பணி செய்தலும், ஆலையை உள்குத்தகைக்கு விடுதலும் இவ்வாறு வேரூன்றியவையே என்பது எம் கருத்து.

கை தவறும் என்பதைப் பண்டைச் சட்டத்தார் அறியாதவரல்லர். குளோரேட்டு உப்பும் கந்தகமும் சேர்ந்த கலவை சிற்றுராய்விலும் தீப்பற்றுவது. தொழிலாளியை எச்சரிப்பதோடு அமையாது, அக்கலவையையே பட்டாசில் பிரித்தானியர் 1894இல் தடுத்தனர். நம் நாட்டு விதிகளும் பின்னர் அந்நெறியை மேற்கொண்டன. அமெரிக்க அணு உலைகளின் பொருட்டுச் சுவெயின், கட்மன் என்னும் இருவர் 1983இல் வெளியிட்ட கைந்நூலும் இங்கு நினையத்தக்கது. ஒவ்வொரு செயலிலும் தவறு நேரும் வாய்ப்பை எண்ணால் மதிப்பிட்டு, அவசரம், மனவழுத்தம், பயிற்சிக் குறை முதலிய சூழல்களுக்கேற்ப அவ்வெண்ணைத் திருத்துவது அவர்தம் முறை. நெருக்கடியான அறையில் அமர்ந்தவன் கையும், அமைதியான அறையில் அமர்ந்தவன் கையும் ஒரே அளவில் தவறுவன அல்ல.

5-9-2012 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர்; காணவும் காக்கவும் ஓடிவந்தோரும் அவருள் அடங்குவர். அவ்வாலையின் உரிமம் முன்னரே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என அந்நாளைச் செய்திகள் கூறின. 12-2-2021 அன்று அச்சன்குளத்தில் 20 பேர்க்கு மேல் இறந்தனர். அவ்வாலை பலர்க்குப் பகுதி பகுதியாக உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. மருந்தைத் தொட்ட கை ஒன்று. அக்கையை அங்கு அமர்த்திய கைகள் பல.